சுற்றும், சுடாது

“மெஷின்ல ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் அந்தப் பொண்ணுகிட்டதான்,” என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

சொன்னது போதாதென்று டிரையரின் பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினார். அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி இருந்தது அந்தச் சலவை அறை. துவைக்கிற மெஷின் இரண்டு, துணி உலர்த்தும் டிரையர் ஒன்று, உட்கார ஒரு பெஞ்சு. சுவரில் ‘பிறர் துணியைத் தொடாதீர்’ என்று பலகை. அதன் கீழே யாரோ பேனாவால் ‘அப்போ என் துண்டு எங்கே?’ என்று கேட்டிருந்தார்கள். செயலாளர் குமிழைத் திருகினார். டிரையர் உறுமிக்கொண்டு சுற்றியது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து கிளம்பிய அனல் மூன்று பேர் முகத்திலும் அடித்தது.

“பாத்தாச்சுல்ல? கிளம்புங்க.”

“டிக்கெட் இல்லாதவனைக்கூட நான் அடுத்த ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போய்த்தான் சார் இறக்கிவிடுவேன்,” என்றான் கண்டக்டர்.

அவன் நிஜமாகவே கண்டக்டராக இருந்தவன். சாதாரண உடையில் பஸ் ஏறிய மேலதிகாரியிடம் டிக்கெட் கேட்டு, ‘நான் யார் தெரியுமா’ என்றவரை ‘தெரியாததாலதான் டிக்கெட் கேக்குறேன்’ என்று நடுவழியில் மடக்கியதில் வேலை போயிற்று. நாற்பதைத் தாண்டிய வயதில் இப்போது ஒரு துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். அந்த அலுவலகத்தை நடத்துகிற அம்மாள், தலை நரைக்கும்வரை பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்தவர். ‘தலைவலி மேடம், அதான் லேட்’ என்பதில் தொடங்கி ‘அது எங்க அண்ணன் மேடம்’ என்பது வரை எல்லாப் பொய்யையும் கேட்டுப் புளித்துப்போன காது அவருடையது. வேலையை விட்ட பிறகும் ஊருக்கு அவர் வார்டன்தான்.

இன்றைக்கு அந்தக் காதுக்கு வந்திருந்த சங்கதி வினோதமானது. இதே கட்டடத்தின் நாலாவது மாடியில், மூச்சு நோயால் படுத்த படுக்கையாகக் கிடந்த பெரியவர் ஒருவர் போன வாரம் இறந்துபோனார். பக்கத்தில் எந்நேரமும் ஓட வேண்டிய ஆக்ஸிஜன் மெஷினுக்குக் கரண்ட் தரும் சுவர் சுவிட்ச் அணைந்திருந்தது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகள் அப்போது வீட்டில் இல்லை. துணி உலர்த்தக் கீழே வந்தவள் மத்தியானம் முழுக்கக் கீழேயே இருந்துவிட்டாள். ‘டிரையர் சுத்துச்சு, சூடே ஏறல, துணி காயல, அதான் வர முடியல’ என்று அவள் சொன்னாள். மறுநாள் இந்த டிரையர் அப்பளம் பொரிக்கிற சூட்டில் ஓடியது. பிறகு அவளை யார் நம்புவார்கள்? அவளே சுவிட்சை அணைத்துவிட்டு வந்து கீழே குந்திக்கொண்டாள் என்று வீடே சொல்லிற்று.

அவளைப் பிறந்த வீட்டுக்கு விரட்டிவிட்டார்கள். அவளுடைய ஆறு வயது மகளை விடவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் புருஷனும் வேண்டாம் பிள்ளையும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கொலை என்று போலீசில் சொல்வார்களாம். அவளுடைய அண்ணன்தான் வார்டனைத் தேடி வந்து அழுதான்.

படியேறும்போது கண்டக்டர் கேட்டான்: “காயலைன்னா ஈரத்தோடவே மேல தூக்கிட்டு வந்திருக்கலாமே வார்டன்?”

“அந்த வீட்டுல ஒரு ஈரத் துணி உள்ள வரக் கூடாது. ஈர வாடை பட்டா பெரியவருக்கு இழுப்பு வந்துடும். குளிச்ச துண்டைக்கூடக் கீழ கொண்டுபோய்த்தான் காயவைப்பாங்களாம். நாத்தனார் போட்ட சட்டம்.”

“அப்ப டிரையர் சூடாகலைன்னா இந்தப் பொண்ணு மேல வராதுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

“பரவால்ல, படியேறினா உனக்கு மூளைக்கு ரத்தம் போகுது,” என்றார் வார்டன்.

நாலாவது மாடியில் கதவைத் திறந்தது அந்த நாத்தனாரேதான். முழுக்கத் திறக்கவில்லை, தன் முகம் தெரிகிற அளவுக்குத் திறந்து, அந்த இடைவெளியைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொண்டாள். தகப்பனார் போன துக்கம் முழுவதும் அவளுக்குக் கோபமாக மாறியிருந்தது.

“அவ அனுப்பின ஆளுங்களா? கையெழுத்து போடச் சொல்லுங்க, போங்க.”

“உள்ள வரச் சொல்லுக்கா. பாவம், மாடியேறி வந்திருக்காங்க,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த மருமகளின் கணவன். நாற்காலியை இழுத்துப் போட்டான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். காலையிலிருந்து செயலாளர் வாயிலும் வாட்ச்மேன் வாயிலும் வசவு வாங்கிக் களைத்த கண்டக்டருக்கு அந்தத் தண்ணீர் தேவாமிர்தமாக இருந்தது. இந்த வீட்டில் ஒரு மனுஷனாவது இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளறையில் பெரியவரின் கட்டில் விரிப்பு மடிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. மூலையில் ஆக்ஸிஜன் மெஷின், அதன் குழாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நாத்தனார் பேசிக்கொண்டே அதன் மேல் கையால் துடைத்தாள்.

“இதை வாங்கின அன்னிக்கு நான்தான் பக்கத்துல உக்காந்து எல்லாம் கத்துக்கிட்டேன். கரண்ட் போனா எப்படிக் கத்தும், குழாய் கழண்டா எப்படிக் கத்தும், எல்லாம். அவளுக்கும் சொல்லிக் குடுத்தேன். என்ன பிரயோஜனம்? எங்கப்பா கடைசியா மூச்சுக்குத் தவிச்சப்ப அவ கீழ பெஞ்சுல காலாட்டிட்டு இருந்திருக்கா. டாக்டர் நோயால செத்தார்னு எழுதிட்டார். நான் அன்னிக்கே போலீசுக்குப் போயிருப்பேன். இவன்தான் வேணாம் வேணாம்னு கையைப் புடிச்சிட்டான்.”

“புள்ளைக்கு அம்மா ஜெயில்ல இருக்கான்னு பேர் வரக் கூடாதுக்கா. அவ ஒதுங்கிப் போயிட்டா போதும்,” என்றான் கணவன் மெதுவாக.

வார்டன் தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை. “அவ எதுக்கும்மா உங்கப்பாவைக் கொல்லணும்?”

“வீட்டுக்காகத்தான். ‘என் வாயைத் துடைச்சு விடறவளுக்குத்தான் இந்த வீடு’ன்னு அப்பா எல்லார் முன்னாடியும் சொன்னார். அதான் அவளுக்கு அவசரம்.”

“சொன்னாரா, எழுதிக் குடுத்தாரா?”

“எங்க எழுதினார்? அடுத்த வாரம் வக்கீலைக் கூப்பிடுன்னார். அதுக்குள்ள போயிட்டாரே.”

கண்டக்டர் கணவனிடம் திரும்பி, “அன்னிக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க?” என்று கேட்டதுதான் தாமதம், நாத்தனார் எகிறினாள்.

“அவனை ஏன் கேக்குறீங்க? வீட்டு உபயோகப் பொருள் கடையில சர்வீஸ் சூப்பர்வைசர் அவன். கடையில இருந்தான். நான் அன்னிக்கு வெளிய போயிருந்தேன், அவ போன் கிடைக்கல, அப்பா எப்படி இருக்கார்னு கேக்க மத்தியானம் இவனுக்குத்தான் போன் பண்ணேன். பின்னாடி மெஷினெல்லாம் கத்திட்டு இருந்துச்சு, பாவம், நின்னு பேசக்கூட அவனுக்கு நேரமில்ல. ‘அப்பா நல்லா இருக்கார்க்கா, நான் வேலையா இருக்கேன்’னு வெச்சிட்டான். தம்பியைக் குத்தம் சொல்ல வந்துட்டீங்களா? எழுந்திரிங்க முதல்ல.”

அப்போது பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. “அத்தை, அம்மா வந்துட்டாங்களா?”

“வரல. நீ படம் வரை,” என்றாள் நாத்தனார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு இவர்களை வெளியே அனுப்பி, கதவை முகத்தில் அறைந்து சாத்தினாள்.

கண்டக்டர் மூடிய கதவைக் காட்டினான். “இந்தம்மாதான் செஞ்சிருக்காங்க வார்டன். வேற யாரும் இல்ல. இவ்வளவு கத்துறவங்க மடியில கனம் இல்லாம இருக்குமா?”

“கத்துறவங்களை நான் விடுதியில நிறைய பாத்திருக்கேன். அவங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிஞ்சா எதுக்குத் தொண்டையைக் கிழிச்சுக்கணும்?” என்றார் வார்டன்.

மருமகள் தன் அண்ணன் வீட்டு முன்னறையில், கொண்டுவந்த பையை இன்னும் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவள் முகமும் சுருங்கியது.

“அங்க போய் அவங்க கதையைக் கேட்டுட்டு வந்தீங்களா? உங்களுக்கும் சந்தேகம்தானே. சொல்லிடுங்க.”

“சந்தேகப்படறதுக்குத்தான்மா உங்க அண்ணன் எங்களைக் கூப்பிட்டார். அன்னிக்குக் காய வெச்ச துணி எங்க?”

“அந்தப் பையிலதான். ஈரத்தோட அள்ளித் திணிச்சாங்க. என் கையில குடுத்து வெளிய தள்ளினாங்க. நான் தொடவே இல்ல.”

பையைப் பிரித்தால் ஒரு வாரத்துப் புழுங்கல் நாற்றம் மூக்கைப் பொத்த வைத்தது. கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பெரியவருக்கு இல்ல, எனக்கே இழுப்பு வந்துடும் போல,” என்றான். வார்டன் ஒவ்வொன்றாக உதறினார். போர்வை, தலையணை உறை, வேட்டி, துண்டு. கடைசியில் ஒரு சின்ன வெள்ளைக் கவுன். அதன் பையில் விரலை விட்டவர் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

பச்சை நிறக் கிரேயான். பிள்ளைகள் படத்துக்கு வண்ணம் தீட்டுகிற மெழுகுக் குச்சி. முனை மட்டும் மழுங்கியிருந்தது. மற்றபடி முழுசாக, உருண்டையாக, உறை சுற்றிய மேனிக்கே இருந்தது. கவுனில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

“அவ எதை எடுத்தாலும் பையில போட்டுப்பா,” என்றாள் மருமகள். சொன்னவுடன் அவள் வாய் கோணிக்கொண்டது; அடக்கிக்கொண்டாள்.

“கண்டக்டர், உன் சட்டையைக் கழட்டு.”

“வார்டன், இது வெள்ளைச் சட்டை. கல்யாணத்துக்கு எடுத்தது.”

“அதான் நல்லது.”

தெருமுனை சலவைக் கடை டிரையரில் அந்தச் சட்டையை நனைத்துப் போட்டு, பையில் புதிதாக வாங்கிய பச்சைக் கிரேயான் ஒன்றையும் போட்டு ஓட்டினார்கள். பனியனோடு நின்ற கண்டக்டரைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். சட்டை வெளியே வந்தபோது மார்பிலிருந்து முதுகு வரை பச்சையாக இளகி ஓடியிருந்தது. கிரேயான் இருந்த இடத்தில் காகித உறை மட்டும் ஒட்டிக்கிடந்தது.

“அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நிஜம். மெஷின் சூடாகவே இல்ல,” என்றான் கண்டக்டர், சட்டையை வருத்தத்தோடு விரித்துப் பார்த்து. “என் சட்டை செத்து அவளைக் காப்பாத்தியிருக்கு.”

“அவசரப்படாத. பொய் சொல்லலைன்னு நமக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.”

திரும்பி வந்து வார்டன் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய விறைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது. அன்று மத்தியானம் கீழே என்னவெல்லாம் செய்தாள் என்று ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார்.

“சூடு வரலைன்னதும் அவருக்குப் போன் பண்ணேன். அவருக்கு இந்த மெஷினெல்லாம் தெரியுமே. அன்னிக்கு எனக்கு உதவி பண்ணது அவர் ஒருத்தர்தான். முதல்ல ஃபில்டர்ல பஞ்சு அடைச்சிருக்கும், கழட்டிக் கழுவிப் போடுன்னார். போட்டேன், வரல. மறுபடி அவரே கூப்பிட்டார். குமிழ் வெறும் காத்துல இருக்கா பாருன்னார். சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் மெஷினை முன்னாடி இழுத்துட்டுப் பின்னாடி காத்துக் குழாய் மடங்கியிருக்கான்னு பாருன்னார். அதை இழுக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போச்சு. கடைசியா முதுகுத் தகட்டைக் கழட்டி உள்ள வெள்ளையா ஒரு ஃப்யூஸ் இருக்கும், பாருன்னு சொன்னார். வாட்ச்மேன்கிட்டப் போய் ஸ்க்ரூடிரைவர் வாங்கிட்டு வந்து கழட்டினேன். அது எரிஞ்சிருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ‘பரவால்ல, பாதித் துணியை எடுத்துட்டு இன்னொரு தடவை போட்டுப் பாரு, ஈரமா மேல மட்டும் கொண்டுவராத’ன்னார். கோபமே படல. நடு நடுவுல சூடு வருதா, சூடு வருதான்னு கேட்டுட்டே இருந்தார்.”

“வேற எதையாவது பாக்கச் சொன்னாரா?”

“இல்ல. அவ்வளவுதான்.”

வார்டன் எழுந்து வாசலுக்குப் போய், கட்டடத்தில் பழுது பார்க்கிற மெக்கானிக்குக்குப் போன் போட்டார். மருமகள் அன்றைக்கே அவனையும் கூப்பிட்டிருந்தாள்; மறுநாள் வந்து, மெஷின் நன்றாக ஓடுவதைப் பார்த்து, வெட்டி அலைச்சல் என்று திட்டிவிட்டுப் போனவன் அவன். இப்போதும் அதே கோபத்தில்தான் இருந்தான்.

“டிரையர் சுத்துது, சுடல. முதல்ல எதைப் பாப்பீங்க?” என்று கேட்டார் வார்டன்.

“மீட்டர் ரூமைப் பாப்பேன். வேற எதை? அந்த மெஷினுக்கு மோட்டாருக்கு ஒரு லைன், ஹீட்டருக்கு ஒரு லைன். ஹீட்டர் சுவிட்ச் விழுந்திருந்தா மெஷின் பாட்டுக்குச் சுத்திட்டே கிடக்கும், சூடு வராது. கண்ணால பாத்தா தெரியற விஷயம். அதைப் பாக்காம முதுகைக் கழட்டறவன் வடிகட்டின முட்டாள். வைங்க போனை.”

“சாயங்காலம் வாங்க. அலைச்சலுக்குச் சேத்துத் தந்துடறேன்,” என்றார் வார்டன்.

கண்டக்டர் காதை நீட்டி முழுவதும் கேட்டிருந்தான். “மீட்டர் ரூம் சாவி வாட்ச்மேன் மேஜைப் பக்கத்துல ஆணியில தொங்குது. யார் வேணும்னாலும் எடுக்கலாம். அந்த நாத்தனார் எடுத்து சுவிட்சை அணைச்சு, இந்தப் பொண்ணைக் கீழயே கட்டிப்போட்டுட்டு மேல போயிருக்காங்க. சரியா?”

“நீ சாயங்காலம் யாருக்கும் தெரியாம அந்தச் சாவியை எடுத்து அதே சுவிட்சை அணைச்சுட்டு வா. மத்ததை அப்புறம் பேசலாம்,” என்றார் வார்டன்.

சாயங்காலம் சலவை அறையில் நிற்க இடமில்லை. மருமகள் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டாள், ஆனால் டிரையர் பற்றி அவள் சொன்னது பொய்யென்று எல்லார் முன்னாலும் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று வார்டன் சொல்லியனுப்பியிருந்தார். கணவன் உடனே ஒப்புக்கொண்டான். அவன் பத்திரத்தோடு வந்தான். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். செயலாளர் வேடிக்கை பார்க்க வந்தார். மெக்கானிக் தன் கருவிப் பெட்டியின் மேல் குந்திக்கொண்டான். மருமகள் சுவரோரம் நின்றாள், யாரும் அவளுக்கு பெஞ்சில் இடம் விடவில்லை.

“உங்களுக்கு இது தொழில். நீங்களே ஓட்டிக் காட்டுங்க,” என்றார் வார்டன் கணவனிடம்.

அவன் ஒரு ஈரத் துண்டைப் போட்டுக் குமிழைத் திருகினான். டிரையர் சுற்றியது. காத்திருந்து கதவைத் திறந்தான். கையை உள்ளே விட்டான். எடுத்தான். மறுபடி விட்டான்.

“என்னடா?” என்றாள் நாத்தனார்.

“சூடு இல்லக்கா.”

“காலையில சுட்டுச்சே,” என்றார் செயலாளர், தன்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள் என்பதுபோல.

“பாருங்க சார், என்னன்னு பாருங்க. சூப்பர்வைசராச்சே,” என்றார் வார்டன்.

கணவன் ஃபில்டரை உருவிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. குமிழைத் திருகித் திருகிப் பார்த்தான். மெஷினை இழுத்து, பின்னால் குழாயைத் தடவிப் பார்த்தான். அவன் நெற்றி வியர்த்தது. மெக்கானிக்கிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டான். மெக்கானிக் கொடுத்தான், கொடுத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். முதுகுத் தகட்டின் திருகாணிகளைக் கணவன் ஒவ்வொன்றாகக் கழற்றினான். அறையின் கதவு திறந்துதான் இருந்தது. கதவுக்கு நேர் எதிரே, கார்களுக்கு அப்பால், மீட்டர் ரூம் தெரிந்தது. அவன் எல்லா இடத்தையும் பார்த்தான், அந்தத் திசையை மட்டும் பார்க்கவில்லை.

கண்டக்டருக்குச் சுரீரென்றது. இதை அவன் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான், கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், முன் சீட்டுக்காரன் பிடரியைப் பார்ப்பான். கண்டக்டர் முகத்தை மட்டும் பார்க்க மாட்டான். காலையில் இவன் கொடுத்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தது நினைவுக்கு வந்து, கண்டக்டருக்கு வாயெல்லாம் கசந்தது.

“ஏன் தம்பி, கடையில உனக்கு யார் வேலை குடுத்தா?” என்றான் மெக்கானிக், பொறுமை போய். “சுத்துது, சுடலைன்னா மீட்டர் ரூமுக்குப் போக மாட்டியா? சின்னப் புள்ளைகூட முதல்ல அங்கதான் போகும்.”

திருகாணி ஒன்று கணவன் கையிலிருந்து நழுவி உருண்டது. “அடுத்து அங்கதான் போலாம்னு இருந்தேன்.”

“அன்னிக்குப் போன்லயும் அடுத்து அதைத்தான் சொல்லலாம்னு இருந்தீங்களா?” என்று கேட்டார் வார்டன். “ஃபில்டர் சொன்னீங்க, குழாய் சொன்னீங்க, உள்ள இருக்கிற ஃப்யூஸ் வரைக்கும் சொன்னீங்க. ஒண்ணே ஒண்ணை விட்டுட்டீங்க. இப்பவும் அதையேதான் விடறீங்க. தெரியாதவன்னா தடவித் தடவியாவது அங்க வந்து சேந்திருப்பான். தெரிஞ்சவனாலதான் அங்க போக முடியல. சுவிட்சை இன்னிக்கு அணைச்சது எங்க கண்டக்டர். அன்னிக்கு அணைச்சது யாரு?”

செயலாளர் திரும்பி மீட்டர் ரூமைப் பார்த்தார்.

“வீட்டை மருமக பேருக்கு எழுதறேன்னு பெரியவர் சொன்னார், எழுதல. அவர் உயிரோட இருந்தாதான் இவளுக்கு வீடு. போயிட்டா பெத்த புள்ளைங்களுக்கு. இது ரொம்ப சின்னக் கணக்கு. அழுகையில யாரும் போட்டுப் பாக்கல.”

கணவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். அந்த மரியாதையான குரல் இப்போது இல்லை. “முடிஞ்சுதா? சுவிட்சைப் பாக்க மறந்துட்டேன், அதனால நான் கொலைகாரன். எந்தக் கோர்ட்டுல நிக்கும் இது?”

“எந்தக் கோர்ட்டுலயும் நிக்காது,” என்றார் வார்டன்.

இவ்வளவு தூரம் வந்து இதைச் சொல்வதற்கா என்று கண்டக்டர் அவரைப் பார்த்தான். கணவன் பத்திரத்தையும் பேனாவையும் மனைவி முன்னால் நீட்டினான்.

“போடு கையெழுத்து. புள்ளையை மறந்துடு. இல்லைன்னா இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன்.”

“இருடா,” என்றாள் நாத்தனார்.

அவள் குரல் அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை. தம்பிக்கு நேராக வந்து நின்றாள்.

“அன்னிக்கு நான் போன் பண்ணப்ப, உன் பின்னாடி ஒரு மெஷின் கத்துச்சு. விட்டு விட்டு இல்ல, நீட்டி ஒரே சத்தமா. எங்கயோ கேட்ட சத்தமா இருக்கேன்னு நினைச்சேன். கடையில ஆயிரம் மெஷின் இருக்கும்னு விட்டுட்டேன்.”

“கடையிலதான்க்கா இருந்தேன்.”

“அப்பா மெஷினுக்குக் கரண்டை நிறுத்தினா அப்படித்தான்டா கத்தும்.”

“அக்கா, இவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு...”

“நான் மேல போறேன். அந்த மெஷினைப் போட்டு, சுவர் சுவிட்சை அணைச்சுட்டு உனக்குப் போன் பண்றேன். நீ எடுத்துக் காதுல வெச்சுக் கேளு. கேட்டுட்டு, உங்க கடையில எந்த மெஷின் அந்த மாதிரிக் கத்துதுன்னு எனக்குச் சொல்லு. சொல்லிட்டேன்னா நான் உன் கால்லயே விழறேன்.”

அவள் போனாள். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. கணவன் வாசல் பக்கம் ஓர் அடி வைத்தான். மெக்கானிக் கருவிப் பெட்டியை இழுத்து வாசலில் போட்டு அதன் மேல் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் கணவன் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் ‘அக்கா’ என்று வந்தது.

“எடுங்க,” என்றார் வார்டன்.

அவன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. செயலாளர்கூட, “எடுங்க சார், அக்காதானே,” என்றார். அவன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். விரல் மட்டும் நகரவில்லை. மூன்றாவது முறை அடித்து நின்ற பிறகு அங்கே யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுவரோரம் நின்ற மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“சூடு வருதா, சூடு வருதான்னு கேட்டுட்டே இருந்தீங்களே. அப்ப மாமா உங்க பக்கத்துலதான் மூச்சுக்குத் தவிச்சிட்டு இருந்தாரா?”

அவன் கையிலிருந்த பத்திரத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“எனக்காகக் கடையில வேலையை விட்டுட்டுப் பேசறீங்கன்னு நினைச்சேன். இத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் நீங்க என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினீங்க,” என்றாள் அவள். அழுகை வரவில்லை. கண்டக்டருக்குப் பேச ஒரு கிண்டல்கூட அகப்படவில்லை.

லிஃப்ட் மறுபடி வந்து நின்றது. மெக்கானிக் பெட்டியை நகர்த்தி வழிவிட்டான். நாத்தனார் தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெண் குழந்தை வந்தது, விரலெல்லாம் வண்ணம். அம்மாவைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு ஓடப் பார்த்தது. நாத்தனார் ஒரு நிமிஷம் விடாமல் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள்.

“உன்னை எனக்குப் புடிக்காது,” என்றாள் மருமகளிடம். “வந்த நாள்லேர்ந்து புடிக்காது. இனிமேலும் புடிக்காது. ஆனா ஸ்டேஷன்ல நான்தான் பேசுவேன். நடுவுல நீ பேசக் கூடாது.”

குழந்தையை இரண்டு கையாலும் சேர்த்து அணைத்திருந்த மருமகள், அதன் தலைக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள்.

“சரிங்க அண்ணி. ஆனா இவளை இனிமே யார்கிட்டயும் விட மாட்டேன். உங்ககிட்டயும்தான்,” என்றாள்.